ருசி பார்க்காத வெண்ணெய்

மார்ச் 4

தம்பிக்கு,

போனை எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் நான் போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் குரல் அப்படியே உங்கள் அண்ணன் குரல். நேரில் என்றால் முகத்தைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ளலாம். போனில் அதற்கு வழியில்லை. அவர் போன பிறகு ஒரே ஒரு தடவை எடுத்தேன். "சாப்டீங்களா" என்று கேட்டீர்கள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதனால் இனி எழுதிக்கொள்வோம்.

விஷயத்துக்கு வருகிறேன். மாமியார் படுத்துவிட்டாள். வெண்ணெய்க் கட்டிக்குத் தாள் சுற்றும் அந்தப் பழைய மெஷினைத்தான் சொல்கிறேன். எப்போது முறைப்பாள், எப்போது சிரிப்பாள் என்று தெரியாது என்று உங்கள் அண்ணன் வைத்த பெயர். உங்கள் அம்மா இருந்திருந்தால் இந்தப் பெயருக்கே ஒரு சண்டை நடந்திருக்கும். அவர் போன பிறகு கொஞ்ச நாள் ஓடினாள். அப்புறம் நின்றுவிட்டாள். எந்த ஆணியை எந்தக் கம்பியால் கட்டி வைத்திருந்தார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வந்த மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

இப்போது பேக்கிங் பெண்கள் கையால் சுற்றுகிறார்கள். நம் சரக்கில் பாதியை எடுக்கும் பெரிய கடைக்காரர் அதை ஏற்கமாட்டார். அடுத்த மாதக் கடைசிக்குள் புது மெஷினுக்கு ஆர்டர் கொடுத்ததாகச் சொன்னால்தான் நம்மோடு தொடர்வாராம்.

ஒரு விற்பனைக்காரர் வந்தார். உட்கார்ந்தது முதல் எழுந்தது வரை சிரித்துக்கொண்டே இருந்தார். "வெண்ணெயும் சுத்தும், மார்ஜரினும் சுத்தும், நீங்க சும்மா உக்காந்து பாத்தா போதும் மேடம்" என்றார். நம் பேக்கிங் அக்கா, "சும்மா உக்கார்றதுக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய மெஷின்" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

நீங்கள் இருக்கும் ஊரில்தான் இந்த மெஷின்கள் செய்கிறார்கள். பூட்டுவதும் நீங்கள்தான். பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு எதுவானாலும் சரி.

அண்ணி


மார்ச் 10

அண்ணிக்கு வணக்கம்.

குரலுக்கு நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். அம்மா வயிற்றில் அண்ணன் விட்டுவிட்டு வந்ததை நான் எடுத்துக்கொண்டு வந்தேன். சரி, எழுதுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதையாவது அண்ணனுடையது என்று நினைக்கமாட்டீர்கள்.

முதலில் ஒரு கண்டிப்பு. "எதுவானாலும் சரி" என்று எழுதாதீர்கள். சிரிப்புக்காரர்கள் பிழைப்பதே அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான். மாமியார் இடத்துக்கு மருமகள் தேடுகிறோம். நாலு இடம் பார்த்துத்தான் முடிக்க வேண்டும்.

வெண்ணெயையும் மார்ஜரினையும் ஒரே மெஷின் சுற்றும் என்பது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. மார்ஜரின் குளிர்க்குழாயிலிருந்து தளதளவென்று வருகிறது. பாக்கெட்டுக்குள் போய்த்தான் இறுகுகிறது. அது சொன்ன பேச்சைக் கேட்கும். நம் வெண்ணெய் கடைந்த பிறகு குளிர் அறையில் ஓய்வெடுத்துவிட்டு விறைப்பாக வந்து நிற்கும். அதை மெஷினுக்குள் சுழலும் திருகு அழுத்தி அச்சுக்குள் தள்ள வேண்டும். முரட்டுத்தனமாகத் தள்ளினால் தண்ணீர் விட்டுவிடும். பயந்து பயந்து தள்ளினால் கட்டியின் மூலை நிரம்பாது. இந்த ஒன்றை விளம்பரத் தாளில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சரக்கைப் போட்டு ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு மெஷின் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று வேகக்காரி. இன்னொன்று நிதானக்காரி, திருகு அகலம், குணம் தங்கம். இரண்டையும் ஒரே சோதனைக் கூடத்தில் ஓட்டிக் காட்டுகிறார்கள். நம் வெண்ணெய் ஒரு பெட்டியும் மார்ஜரின் ஒரு பெட்டியும் அனுப்புங்கள். புதுசாகக் கடைந்தது, நீங்கள் ருசி பார்த்துத் தலையாட்டியதாக இருக்கட்டும். உங்கள் நாக்கு படாத வெண்ணெய் கேட்டைத் தாண்டாது என்று அண்ணன் ஊரெல்லாம் பெருமையடிப்பாரே, அந்தச் சரக்கு. தொழிற்சாலை வாசலின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். மெஷினை வாங்கிவிட்டுச் சுவரை இடித்தவர்கள் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். அண்ணன் போன அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு யாருமே முழுசாகச் சொல்லவில்லை. வந்தேன், நின்றேன், ரயில் ஏறிவிட்டேன். எல்லோரும் அழுதார்கள். நீங்களும் அழவில்லை, நானும் அழவில்லை. திரும்பி வந்து மறுநாளே ஒரு பிஸ்கட் கம்பெனியில் மெஷின் பூட்டினேன். நன்றாகவே ஓடுகிறது.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

பெட்டிகள் குளிர் வண்டியில் கிளம்பிவிட்டன. வெண்ணெய் ஒன்று, மார்ஜரின் ஒன்று. வாசல் அளவு தனித் தாளில் இருக்கிறது. பேக்கிங் அக்கா அளந்தாள். நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் கேட்ட இன்னொன்றைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காலையில் வெண்ணெய் கடைந்தார். தாள் சுருள் தீர்ந்துபோயிருந்தது. எடுத்து வர வேனில் போனார். பாதி வழியில் வேனை ஓரமாக நிறுத்தியிருக்கிறார். இதயம் என்றார் டாக்டர். வேனை ஒழுங்காக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கும் போட்டிருந்தார் என்று கொண்டுவந்து விட்டவர்கள் சொன்னார்கள்.

தாள் சுருளை அப்புறம் தாள் கடைக்காரரே அனுப்பிவைத்தார்.

அண்ணி


மார்ச் 29

அண்ணிக்கு,

சோதனை முடிந்தது. நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். மார்ஜரின் இரண்டு மெஷினிலும் சமர்த்தாக நடந்துகொண்டது. கட்டி கட்டியாக வந்து விழுந்ததைப் பார்க்க ஆசையாக இருந்தது.

வெண்ணெய் மானத்தை வாங்கிவிட்டது. வேகக்காரியில் போட்டோம், பொடிப் பொடியாக உதிர்ந்தது. திருகு தள்ளத் தள்ள தண்ணீர் விட்டது. தாளைப் பிரித்தால் உள்ளே முத்து முத்தாக ஈரம். நிதானக்காரியில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் மூலைகள் விரிசல் விட்டன. சோதனைக் கூடத்து இன்ஜினியர் நல்ல மனுஷர், கேலி செய்யவில்லை. "இந்த வெண்ணெய்க்குக் கட்டி மெஷின் சரிப்படாது. பேசாம மார்ஜரினோட நிறுத்திக்குங்க. டப்பா நிரப்புற மெஷின் ஒன்னு போதும்" என்றார். அண்ணனின் வெண்ணெயைப் பற்றி ஒருத்தர் இப்படிச் சொல்ல, நான் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் சொல்வதைக் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வெண்ணெய் அறையை மூட வேண்டும். கடையும் இயந்திரத்தை யாருக்காவது கொடுக்க வேண்டும். மார்ஜரின் டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டு கம்பெனி ஓடும், ஓடாமல் போகாது. ஆனால் அண்ணன் செய்ததில் ஒன்றும் மிச்சம் இருக்காது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் வேறு மெஷின்கள் தேடுகிறேன். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் அடுத்த அடி.

தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

டப்பா மெஷினுக்கே சொல்லிவிடுங்கள். கடையும் இயந்திரத்தை வாங்க ஓர் ஆள் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பேக்கிங் அக்காவுக்குத்தான் பெரிய கோபம். "என்னம்மா இது, ஒரு அறைய மூடுறோம்னு கதவ சாத்துற மாதிரி சொல்றீங்க. ரெண்டு திட்டு திட்டுங்க, இல்ல அழுங்க. இப்படி சுவரு மாதிரி உக்காந்திருந்தா நாங்க என்ன நினைக்கிறது?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். நான் மின்கட்டண ரசீதைத் தேடுவதுபோல் மேசை டிராயரைக் குடைந்தேன்.

எனக்கு வருத்தம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அண்ணி


ஏப்ரல் 9

அண்ணி,

டப்பா மெஷினுக்கு நான் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

மிச்ச சரக்கை எடுத்துக்கொண்டு போகும்படி சோதனைக் கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். போனேன். வெண்ணெயையெல்லாம் ஏற்கெனவே கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். நிதானக்காரி சுற்றிய ஒரே ஒரு கட்டியை மட்டும் இன்ஜினியர் மாதிரிக்காகக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார். பக்கத்தில் நம் பெட்டி காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. சோதனையன்று அவசரத்தில் மூடியைக் கிழித்து ஓரமாக எறிந்திருக்கிறேன். இந்தத் தடவைதான் அதைத் திருப்பிப் பார்த்தேன். நீலப் பென்சிலில் அண்ணன் கையெழுத்து. போன அக்டோபரில் அவர் போன அந்தத் தேதி.

என்ன அண்ணி இது? புதுசாகக் கடைந்தது அனுப்புங்கள் என்று எழுதினேனே. இத்தனை மாதம் ஃப்ரீசரில் கிடந்த வெண்ணெய் உதிராமல் என்ன செய்யும்? தண்ணீர் விடாமல் என்ன செய்யும்? அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. அதை நம்பி அறையை மூடப் பார்த்தோம்.

மெஷின் போகட்டும். அண்ணன் கடைசியாகக் கடைந்ததை என் கையாலேயே கொட்டி, திருகில் விட்டு, உதிர்கிறதே என்று சலித்துக்கொண்டேன். "என்ன வெண்ணெய்டா இது" என்றுகூடச் சொன்னேன், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? நான் யார் உங்களுக்கு, ஃபிட்டரா?

அந்த ஒரு கட்டி இப்போது என் அறையில் இருக்கிறது. என்ன செய்வது என்று சொல்லுங்கள். அது உள்ளே இருக்கிறது என்றுதான் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வெளியில் சாப்பிடுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

உங்கள் கோபம் முழுக்க நியாயம். இதற்கு முன் எழுதியதையெல்லாம் அரைகுறையாகத்தான் எழுதினேன். இந்தத் தடவை முழுசாக எழுதப் பார்க்கிறேன்.

கடைந்து முடித்ததும் உங்கள் அண்ணன் கத்தி முனையில் துளி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வருவார். "உப்பு எப்படி?" என்பார். எப்போதும் ஒரு கை கூடத்தான் இருக்கும். "தூக்கல்" என்பேன். "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே போவார். அடுத்த தடவையும் அதே தூக்கல்தான். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகவே போடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் போன பிறகு கடைகிறவரிடம் என்ன கணக்கு என்று கேட்டேன். "அய்யா கையால போடுவாரு, நாங்க பாத்ததில்லை" என்றார்.

அன்றைக்கும் கத்தியோடு வந்தார். நான் பெரிய கடைக்காரரோடு போனில் இருந்தேன். அப்புறம் என்று கையைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார். கோபமெல்லாம் இல்லை, அவருக்கு ஏது கோபம். வெண்ணெயைப் பெட்டியில் போட்டு, தேதி எழுதி, குளிர் அறையில் வைத்துவிட்டு வேனை எடுத்தார்.

அதை நான் ருசி பார்க்கவில்லை. ருசி பார்க்காததை விற்க முடியாது. தூக்கிப் போடவும் முடியவில்லை. குளிர் அறைக்குப் போகும்போதெல்லாம் கீழ்த்தட்டில் இருந்தது. கெட்டுவிடப் போகிறதே என்று ஃப்ரீசருக்கு மாற்றினேன். நீங்கள் சோதனைக்குப் பெட்டி கேட்டு எழுதியதும் எனக்கு வேறு பெட்டியே கண்ணில் படவில்லை. நம் வீட்டு ஆளின் கையிலேயே அது முடிந்துபோகட்டும் என்று நினைத்தேன். அது மெஷினில் எப்படிப் போகும் என்று யோசிக்கவேயில்லை. வெண்ணெய்க் கம்பெனி நடத்துகிறவள் யோசித்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம்.

இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாக்கு செத்துவிட்டது. ரொட்டி, தேநீர், உப்பு, சர்க்கரை எல்லாம் ஒன்றுதான். தாளை மெல்லுகிற மாதிரி இருக்கிறது. அவர் போன வாரத்திலிருந்து இப்படி. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இப்போது வெளியே போகிற வெண்ணெயையெல்லாம் பேக்கிங் அக்கா வாயில் போட்டுப் பார்க்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து நான் தலையாட்டுகிறேன். அவளுக்கு உப்புத் தூக்கலாக இருந்தால்தான் பிடிக்கும். கடைகளிலிருந்து ஒன்றிரண்டு புகார் வந்துவிட்டது. வெண்ணெய் அறையை மூடுகிறேன் என்று நான் லேசாகச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ருசி தெரியாதவளுக்கு எதற்கு வெண்ணெய்?

அந்தக் கட்டியைச் சாப்பிட்டுப் பாருங்கள். உப்பு எப்படி என்று எனக்குச் சொல்லுங்கள். எழுத வேண்டாம், போன் பண்ணுங்கள். திங்கட்கிழமை பெண்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் ஆபீசில் யாரும் இருக்கமாட்டார்கள். ஒரே ஒரு உதவி. முதல் வார்த்தையே "அண்ணி" என்று சொல்லிவிடுங்கள். அவர் என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

நேற்று லைன் போனதா, நீங்கள் வைத்தீர்களா என்று தெரியவில்லை. திரும்பக் கூப்பிட விரல் போனது, நிறுத்திக்கொண்டேன்.

போனில் நான்கு வார்த்தைக்கு மேல் எனக்கு வரவில்லை. மிச்சத்தை எழுதுகிறேன். ரொட்டி வாங்கி வந்தேன். தாளைப் பிரித்தேன். விரிசல் விட்டிருந்தாலும் மடிப்பு பிரமாதம், நிதானக்காரி நிஜமாகவே கெட்டிக்காரி. வெண்ணெய் உதிர்ந்தது, ரொட்டியில் தடவ வரவில்லை. எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். உப்பு தூக்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன். இல்லை அண்ணி. சரியாக இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்னொரு துண்டு எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். அப்புறம் ரொட்டியை மறந்துவிட்டேன். சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டு, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டேன். இந்த வயசில் இப்படி அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

உங்களைச் சமாதானப்படுத்த உப்பைப் பற்றிப் பொய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பொய் சொல்ல வராது, அதனால்தான் விற்பனையில் சேராமல் ஃபிட்டரானேன்.

நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

தம்பி


ஏப்ரல் 23

தம்பிக்கு,

நான்தான் வைத்தேன். லைனைக் குற்றம் சொல்லாதீர்கள்.

"அண்ணி, உப்பு சரியா இருக்கு" என்றீர்கள். அண்ணி என்று தொடங்கியதால் நீங்கள்தான் என்று தெரிந்தது. மீதியை அவர் சொன்னதாகவே கேட்டுக்கொண்டேன். வாழ்நாளில் ஒரு தடவை சரியாகப் போட்டுவிட்டு, காட்டலாம் என்று கத்தியோடு வந்திருக்கிறார். அன்றைக்கு நான் போனைக் கீழே வைத்துவிட்டு ருசி பார்த்திருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது. அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததும் எங்கிருந்தோ வந்துவிட்டது. குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே கேட்காது என்று நினைத்தேன், எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. பேக்கிங் அக்கா சால்வையோடு வந்து, "உள்ள குளிர்ல நின்னா ஜலதோஷம் பிடிக்கும், வெளிய வந்து அழுங்க" என்றாள். வெளியே வந்து அழுதேன்.

அன்று சாயங்காலம் கடைந்து முடித்ததை வழக்கம்போல அவள் வாயில் போடப் போனாள். கத்தியைக் கொடு என்று வாங்கி நான் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நாக்கின் ஓரத்தில் சுரீர் என்று உப்பு. "தூக்கல்" என்றேன். கடைகிறவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "அடுத்த தடவ பாத்துக்கலாம்மா" என்றார். அடுத்த தடவை இல்லை, இப்போதே என்று சொல்லி, உப்புப் போடாத வெண்ணெயைச் சேர்த்துத் திரும்பப் பிசையவைத்தேன். முனகினார்கள். முனகட்டும்.

கடையும் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்த ஆளுக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பெரிய கடைக்காரரிடமும் பேசினேன், மாதக் கடைசிக்குள் ஆர்டர் போய்விடும் என்றேன். மெஷின் நிதானக்காரிதான். திருகு அகலமானது, வெண்ணெய்க்கு அதுதான் வேண்டும். மார்ஜரின் சமர்த்துப் பிள்ளை, இப்போதைக்கு அதே மெஷினில் முறை வைத்து ஓட்டிக்கொள்வோம். இடையில் கழுவுகிற வேலை பற்றிப் பேக்கிங் அக்கா இப்போதே முனக ஆரம்பித்துவிட்டாள். ஆர்டருக்கு முன் சோதனையை இன்னொரு தடவை ஒழுங்காகப் போடுங்கள். அந்த இன்ஜினியரை நம் வெண்ணெயைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வையுங்கள். பூட்ட நீங்களே வர வேண்டும். வேறு ஆளை அனுப்பினால் வாசலில் விடமாட்டேன்.

வேறொரு பெட்டி இன்று குளிர் வண்டியில் வருகிறது. நேற்றுக் கடைந்தது. மூடியில் தேதி என் கையெழுத்தில் இருக்கிறது. நான் ருசி பார்த்துவிட்டேன்.

அண்ணி